உடம்புல ஈயம், பாதரசம் ஏறியிருக்குமோன்னு சந்தேகமா? எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு வழிகாட்டி

உடம்புல சேர்ந்த ஈயம், பாதரசம் மாதிரி கன உலோகத்த வெளிய எடுக்கும்னு "ஹெவி மெட்டல் டீடாக்ஸ்"னு பேர் போட்டு சொட்டு மருந்து, பாதத்துல ஒட்டற பேட்ச், பச்சை கலர் பொடின்னு என்னென்னவோ விக்கறாங்க, இத வாங்கலாமா வேணாமான்னு கேக்கறவங்களும் நிறைய. வேணாம். அந்தக் காச பத்திரமா வைங்க, முதல்ல உங்க உடம்புக்குள்ள அந்த மெட்டல் எந்த வழியா போகுதுன்னு கண்டுபிடிங்க. வழிய அடைக்காம எந்த மருந்து சாப்ட்டாலும் பிரயோஜனம் இல்ல, சில சமயம் இன்னும் மோசமாகும்.

நான் டாக்டர் இல்ல, ரத்தம் எடுத்து ரிப்போர்ட் குடுக்கற லேப் வேலையில இருக்கற ஆளு. ரிப்போர்ட்டக் கையில வச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நம்ம ஊர்ல அதிகமா பிரச்சனை பண்றது ஈயம், அதனால அதப் பத்திதான் நிறைய இருக்கும், பாதரசம் அடுத்து, கேட்மியம் கொஞ்சம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இங்க நான் ஈயம்னு சொல்றது காரீயத்த, பாத்திரத்துக்குப் பூசற வெள்ளீயம் வேற உலோகம், அதுல விஷம்னு பயப்பட ஒண்ணும் இல்ல.

எவ்ளோ பெரிய பிரச்சனைன்னா, 2020-ல யுனிசெஃபும் ப்யூர் எர்த்ங்கற தொண்டு அமைப்பும் சேர்ந்து ஒரு ரிப்போர்ட் விட்டாங்க, உலகத்துல சுமார் 80 கோடி குழந்தைங்க ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருக்குன்னு, அதுல சுமார் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைங்க. அதாவது இது ஏதோ ஃபேக்டரி வாசல்ல குடியிருக்கறவங்க பிரச்சனை மட்டும் இல்ல. பெட்ரோல்ல ஈயம் கலக்கறத 2000-லயே நிறுத்தியாச்சு, அப்பறமும் இவ்ளோன்னா வீட்டுக்குள்ளயே வேற வழி இருக்குன்னுதான அர்த்தம்.

ஸ்டெப் 1: யாருக்கு அவசரம்னு முடிவு பண்ணுங்க

வீட்டுல ஆறு வயசுக்குள்ள குழந்தை இருக்கா, யாராவது கர்ப்பமா இருக்காங்களா, இல்ல குழந்தைக்கு ப்ளான் பண்றாங்களா, யாராவது பேட்டரி கடை, பெயிண்டிங், வெல்டிங், நகைப் பட்டறை, பழைய எலக்ட்ரானிக் சாமான் உடைக்கற வேலையில இருக்காங்களா. இதுல ஒண்ணுக்காவது ஆமான்னா மேல படிக்கறதோட நிறுத்தாம அடுத்தடுத்த ஸ்டெப்பையும் செஞ்சு பாருங்க.

குழந்தைங்களுக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, ஒரே அளவு ஈயம் வயித்துக்குள்ள போனா பெரியவங்கள விட நாலஞ்சு மடங்கு அவங்க உடம்பு இழுத்துக்கும். அதோட தரையில தவழ்றாங்க, கைய வாயில வைக்கறாங்க. மூளை வளர்ற வயசுல ஈயம் போனா படிப்பு, கவனம், நடத்தை எல்லாத்துலயும் கை வைக்கும், இவ்ளோ வரைக்கும் பரவாயில்லன்னு பாதுகாப்பான அளவு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கர்ப்பத்துல வேற ஒரு சிக்கல். ஈயம் ரத்தத்துல ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல பாதியாக் குறையும், ஆனா எலும்புல போய் உக்காந்துட்டா பத்து இருபது வருஷம் கூட இருக்கும், கர்ப்பமா இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் எலும்புலருந்து கால்சியம் இறங்கும்ல, கூடவே ஈயமும் இறங்கி குழந்தைக்குப் போகும். அம்மா சின்ன வயசுல வாங்கினது குழந்தைக்கு வருது. இதனாலதான் அந்த நேரத்துல கால்சியம் மாத்திரையத் தவறவிடாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றது.

ஸ்டெப் 2: அறிகுறிய நம்பி உக்காந்திருக்காதீங்க, ஆனா தெரிஞ்சு வச்சுக்கோங்க

கொஞ்சமா ஏறியிருக்கற குழந்தைக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருக்கும். அதிகமானா வயித்து வலி, மலச்சிக்கல், பசி இல்லாம இருக்கறது, ரத்த சோகை, எரிச்சல், தூக்கம் கெடறது. ரத்த சோகைக்கு இரும்பு டானிக் குடுத்துக்கிட்டே இருக்கோம் ஏறவே மாட்டேங்குதுன்னா டாக்டர்கிட்ட ஈயம் டெஸ்ட் எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. பெரியவங்களுக்கு பிரஷர் ஏறும், கிட்னி பாதிக்கும், மூட்டு வலி, மறதி, ரொம்ப அதிகமானா மணிக்கட்டு தூக்க முடியாம தொங்கும். குழந்தைக்கு வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு, நினைவு தப்பறதுன்னு வந்தா அது எமர்ஜென்சி, யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பாதரசம் எந்த ரூபத்துல போகுதுங்கறதப் பொறுத்து மாறும். ஆவியா மூச்சுல போனா கை நடுக்கம், ஈறு வீக்கம், கோபம், தூக்கமின்மை. உப்பு ரூபத்துல க்ரீம் வழியா தோல்ல போனா முக்கியமா கிட்னி, கால் வீங்கும், யூரின்ல நுரை வரும். மீன் வழியா போறது நரம்பையும் வயித்துல இருக்கற குழந்தையோட மூளையையும் பாதிக்கும், ஜப்பான்ல மினமாட்டாவுல 1956-ல வெளிய வந்தது இந்த ரகம்தான். கேட்மியம் கிட்னியையும் எலும்பையும் மெதுவா அரிக்கும். பீடி சிகரெட் புகையிலயும் கேட்மியம் இருக்குங்கறத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல.

ஸ்டெப் 3: வீட்ட ஒரு ரவுண்டு வாங்க

இதுதான் இருக்கறதுலயே முக்கியமான வேலை, அதனால பொறுமையா பண்ணுங்க. ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா போங்க.

பெயிண்ட்லருந்து ஆரம்பிங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-முக்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல ரூல் வந்து 2017 நவம்பர்லருந்து அமலாச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல் பெயிண்ட்ல, அதுலயும் மஞ்சள், பச்சை, சிவப்புல, நிறைய இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஜன்னல் கதவத் திறந்து மூடற எடத்துல கட்டைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விரல் வச்சு ஒரு இழு இழுத்துப் பாருங்க, மாவு மாதிரி கலர் தூள் ஒட்டும், அதுதான் குழந்தை கைக்குப் போறது. க்ரில், பழைய கட்டில், ஊஞ்சல், நடைவண்டி எல்லாத்தையும் பாருங்க. பெயர்ந்து தொங்கற பெயிண்ட்ட காய்ஞ்ச நிலையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பெயிண்டர் வந்து சரசரன்னு தேய்ச்சா அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும், தண்ணி தெளிச்சு ஈரமா சுரண்டச் சொல்லுங்க, அந்த ரெண்டு மூணு நாளைக்குக் குழந்தையையும் கர்ப்பமா இருக்கறவங்களையும் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. சுரண்ட முடியலன்னா மேல நல்லா புது பெயிண்ட் அடிச்சு மூடிடலாம், அதுவும் நல்ல வழிதான். சுண்ணாம்பு, பெயிண்ட் செதில், மண்ணுன்னு தின்கற குழந்தைக்கு இரும்புச் சத்து கம்மியா இருக்க வாய்ப்பு அதிகம், அடிக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

அடுத்து சமையல்கட்டு. இண்டாலியம் கடாய், அலுமினியக் குண்டான் இருக்கா? கம்பெனிப் பேரு இல்லாம, பழைய இஞ்சின் பார்ட்ஸ், ஒயர், ஸ்க்ராப்ப உருக்கி வார்த்தது பல சமயம் ஈயம் கலந்திருக்கு. அமெரிக்காவுல உணவு, மருந்தக் கண்காணிக்கற எஃப்டிஏ இண்டாலியம்னு பேர் சொல்லியே எச்சரிக்கை விட்டிருக்காங்க, இங்கருந்து பாத்திரம் எடுத்துட்டுப் போற நம்ம ஆளுங்க இதக் கவனிக்கணும். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு மாதிரி புளிப்பு போட்டா இன்னும் அதிகமா இறங்கும். அந்த மாதிரி பாத்திரத்த தூக்கிப் போட்டுட்டு எவர்சில்வர், இரும்பு, மண்சட்டிக்கு மாறுங்க, மண்சட்டியில பளபளன்னு கலர் கிளேஸ் பூசினது மட்டும் வேணாம்.

ஈயச்சொம்பு ரசம் பத்திக் கட்டாயம் கேப்பீங்க. சுத்த வெள்ளீயத்துல பண்ணின சொம்புல ரசம் வச்சா தப்பில்ல. பிரச்சனை என்னன்னா வெள்ளீயம் விலை ஜாஸ்தி, காரீயம் விலை கம்மி, கலந்துட்டா கண்ணால கண்டுபிடிக்க முடியாது. வளைச்சா சத்தம் வருதா, பேப்பர்ல கோடு விழுதான்னெல்லாம் சொல்றத நம்பிக் குழந்தைக்கு ரசம் வைக்க முடியாது. எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கற மெட்டல் டெஸ்டிங் லேப்ல குடுத்தா சொம்ப உடைக்காம எதுல எவ்ளோ இருக்குன்னு சொல்லிடுவாங்க. பாட்டி காலத்து சொம்பா இருந்தாலும் டெஸ்ட் பண்ணாம குழந்தை இருக்கற வீட்டுல அதுல சமைக்காதீங்க, அலமாரியில அழகா இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசறவங்ககிட்டயும் அதுல காரீயம் கலந்திருக்கான்னு கேளுங்க.

மஞ்சத்தூள். பங்களாதேஷ்ல மஞ்சள் நல்லா மஞ்சளா தெரியணும்னு லெட் குரோமேட்ங்கற ஈயம் சேர்ந்த சாயத்தப் பூசிக்கிட்டு இருந்தாங்க, 2019-ல அது வெளிய வந்து அரசாங்கம் கடுமையா இறங்கினப்பறம் சந்தையில கலப்பட மஞ்சள் 47 சதவீதத்துலருந்து 2021-ல பூஜ்யத்துக்கு வந்துச்சு. அதாவது இது நிறுத்த முடியற விஷயம். 2024-ல வந்த ஆய்வுல பாட்னா பக்கத்து மஞ்சள்ல ரொம்ப அதிகமா ஈயம் இருந்தது தெரிஞ்சுது. முழு மஞ்சள் வாங்கி மில்லுல அரைச்சுக்கறேன்னா நல்லது, ஆனா அந்த சாயத்த முழு கிழங்கு மேலயேதான் பூசுவாங்க, அதனால கண்ணப் பறிக்கற மாதிரி பளீர்னு இருக்கற கிழங்க விட்டுட்டு கொஞ்சம் மங்கலா, தோல் சுருக்கம் தெரியற கிழங்கா பாத்து வாங்குங்க. லூஸா விக்கற தூள் வேணவே வேணாம்.

பூஜை அலமாரி, அலங்கார மேஜை. குங்குமம், செந்தூரம் சிலதுல செவ்வீயம் கலக்கறது உண்டு, கண்ணுக்குப் போடற சுர்மா, பேர் இல்லாத மை இதுலயும் ஈயம் இருக்கும், குழந்தைக்கு மை போட்டே ஆகணும்னா வீட்டுல விளக்குக் கரியில பண்ணின மைய கண்ணுக்குள்ள போடாம கன்னத்துல திருஷ்டிப் பொட்டா மட்டும் வைங்க.

சிவப்பழகு க்ரீம் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில 2021-லருந்து 2023 வரைக்கும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதிங்கற கிட்னி நோயோட 22 பேர் வந்தாங்க, அதுல 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட ரகம் இருந்துச்சு, அந்த 15-ல 13 பேர் வெள்ளையாக்கற க்ரீம் போட்டிருந்தாங்க, க்ரீம்ல பாதரசம். நல்ல வேளையா க்ரீம நிறுத்தினதும் பலபேருக்கு சரியாச்சு. லேபிள்ல தயாரிச்ச எடம் இல்ல, லைசென்ஸ் நம்பர் இல்ல, ஒரு வாரத்துல வெள்ளையாகும்னு சொல்றான், பியூட்டி பார்லர்ல டப்பாவுல எடுத்துக் குடுக்கறாங்கன்னா அதத் தொடாதீங்க. அம்மா முகத்துல போட்டுக்கிட்டு குழந்தையக் கொஞ்சினா குழந்தைக்கும் போகும், தலையணை உறையிலகூட இருக்கும்.

மருந்து டப்பா. சித்த மருத்துவத்துல பற்பம், செந்தூரம்னு உலோகம் சேர்ந்த மருந்து உண்டு, லிங்க செந்தூரம் பாதரசம் சேர்ந்த லிங்கம்ங்கற தாதுலருந்து பண்றது, அயச்செந்தூரம் இரும்பு, ஆயுர்வேதத்துல நாக பஸ்மம்னு சொல்றது ஈயத்துலருந்து பண்றது. நான் சித்தாவ குறை சொல்ல வரல, அதுல படிச்ச பதிவு பெற்ற மருத்துவர் பாத்து குடுக்கறது வேற, சந்தையில யாரோ பொட்டலம் கட்டிக் குடுக்கறதும் ஆன்லைன்ல "மூலிகை மட்டுமே"ன்னு வர்றதும் வேற. அமெரிக்க ஆய்வு ஒண்ணு 2008-ல வந்துச்சு, இன்டர்நெட்ல வாங்கின ஆயுர்வேத மருந்துல அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்ங்கற இன்னொரு விஷமோ இருந்துச்சுன்னு. கர்ப்பமா இருக்கும்போதும் சின்னக் குழந்தைக்கும் உலோக மருந்து வேணாம். ரொம்ப நாளா சாப்பிடறீங்கன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, ரத்தத்துல ஒருதடவ பாத்துடுங்க. நவபாஷாண மணி ஊற வச்ச தண்ணி குடிங்கன்னு விக்கறதையும் வாங்காதீங்க.

வேலைத் துணி. பேட்டரி கடையில தட்டு உடைக்கறவர், உருக்கறவர் வேலை முடிஞ்சு அதே சட்டையோட வந்து புள்ளையத் தூக்கினா அந்தத் தூசி அப்படியே புள்ள மேல. வேலை எடத்துலயே குளிச்சு துணி மாத்திட்டு வரணும், செருப்ப வாசல்லயே விடணும், வேலைத் துணியத் தனியா துவைக்கணும், கை கழுவாம டீயோ பீடியோ கூடாது. வீட்டுக் கொல்லையில பேட்டரி உருக்கறது, ஒயர் எரிச்சு செம்பு எடுக்கறது அடியோட கூடாது. நகைப் பட்டறையில கேடிஎம் பொடி போட்டு ஊதறாங்கன்னா அதுல வர்றது கேட்மியம் புகை, நகை போட்டுக்கறவங்களுக்கு பயம் இல்ல, ஊதற பத்தருக்குத்தான் நுரையீரலும் கிட்னியும் போகும்.

தண்ணிய கொதிக்க வச்சா மெட்டல் போகாது, தண்ணி வத்த வத்த அளவு கூடத்தான் செய்யும். ராணிப்பேட்டையில மூடின குரோமேட் (குரோமியம்ங்கற மெட்டல் சேர்ந்த ரசாயனம்) ஃபேக்டரியோட கழிவு மலையா கெடக்கு, அந்த மாதிரி எடத்துக்குப் பக்கத்துல போர் தண்ணி குடிக்கறவங்க லேப்ல டெஸ்ட் எடுத்துட்டு ஆர்ஓ போடுங்க.

மீன் சாப்பிடலாமா?

தாராளமா. மீன நிறுத்தினா நஷ்டம்தான். பெரிய மீன், அதிக வருஷம் வாழற மீன், மத்த மீனத் தின்கற மீன், இதுங்க உடம்புலதான் பாதரசம் சேரும். மத்தி, நெத்திலில ரொம்பக் கம்மி, கர்ப்பமா இருக்கறவங்க இத வாரத்துக்கு ரெண்டு தடவ சாப்பிடலாம். பெரிய சுறா, கொப்பரான், பெரிய சூரை இத அந்த நேரத்துல தவிர்த்துடுங்க. புள்ள பெத்தவங்களுக்குப் பால் ஊறணும்னு சுறாப் புட்டு குடுப்பாங்கல்ல, பால்சுறா சின்ன சுறாதான், என்னைக்கோ ஒருநாள் சாப்ட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா சுறா இனத்துலயே பாதரசம் கூடுதல்ங்கறதால தினமும்னு போட்டுத் தள்ளாம நெத்திலி, மத்திப் புட்டுக்கு மாத்திக்கறது நல்லதுன்னு நான் சொல்வேன். மாமியார்கிட்ட சண்டை போடாம அவங்களே பண்ற மாதிரி மத்தி வாங்கிட்டு வந்து குடுத்துடுங்க.

தெர்மாமீட்டர் உடைஞ்சா

குழந்தைங்கள வெளிய அனுப்புங்க, ஃபேன் ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஜன்னலத் திறங்க. வெளக்குமாறு வேணாம், வேக்யூம் க்ளீனர் வேணவே வேணாம், ரெண்டுமே உருண்டைய இன்னும் சின்னச் சின்னதா சிதறடிச்சு ஆவியாக்கும். தங்க மோதிரம், வளையலக் கழட்டி வைங்க, பாதரசம் பட்டா தங்கத்தோட ஒட்டி வெள்ளையாயிடும். கெட்டி அட்டை ரெண்டு வச்சு உருண்டைங்கள ஒண்ணு சேர்த்து, சொட்டு மருந்து ட்ராப்பர்ல உறிஞ்சி, மிச்சத்த செலோடேப்ல ஒட்டி எடுத்து, எல்லாத்தையும் மூடி இருக்கற பாட்டில்ல போட்டு இறுக்கி மூடுங்க. சிங்க்லயோ டாய்லெட்லயோ ஊத்தாதீங்க. குழந்தை தெர்மாமீட்டரக் கடிச்சு அந்த உருண்டைய முழுங்கிட்டா பதறாதீங்க, வயித்துலருந்து அது உடம்புக்குள்ள ஏறறது ரொம்பக் கம்மி, கண்ணாடித் துண்டு போயிருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். ஆவிதான் ஆபத்து. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001-ல மூடினது, பாதரசத்தால உடம்பு கெட்டுச்சுன்னு போராடின அங்க வேலை பாத்த 591 பேரோட 2016-லதான் கம்பெனி செட்டில்மென்ட் பண்ணிச்சு, அவ்ளோ வருஷம் போராடினாங்க. இனிமே வாங்கும்போது டிஜிட்டலே வாங்கிடுங்க.

ஸ்டெப் 4: சரியான டெஸ்ட் எடுங்க

இங்கதான் காசு வீணாகுது. முப்பது மெட்டல் பேக்கேஜ் வேணாம், உங்க லிஸ்ட்ல எதுக்கு சந்தேகமோ அத மட்டும் எடுங்க.

ஈயத்துக்கு நரம்புலருந்து எடுக்கற முழு ரத்தம், அணுவெல்லாம் பிரிச்சு எடுத்தப்பறம் மிஞ்சற தெளிவான சீரம் இல்ல. ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பணுவுலதான் இருக்கும், சீரத்துல பாத்தா நம்பர் நம்ப முடியாது. ட்ரேஸ் மெட்டல்னு ராயல் ப்ளூ மூடி போட்ட ட்யூப் இருக்கான்னு கேளுங்க. விரல்ல குத்தி எடுத்து அதிகமா வந்தா பயப்படாம நரம்புல எடுத்து கன்ஃபர்ம் பண்ணுங்க, விரல் தோல்ல ஒட்டியிருக்கற தூசியே நம்பர ஏத்திடும். மீன் வழியா வர்ற பாதரசத்துக்கு ரத்தம், ஆவி அல்லது க்ரீம் வழியா வந்ததுக்கு யூரின். ஆர்சனிக்னா யூரின், அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் மீன், எறா, நண்டு சாப்பிடக் கூடாது, இல்லன்னா கெடுதல் பண்ணாத கடல் ஆர்சனிக்கயும் சேர்த்துக் கணக்குல காட்டும்.

வேணாம்னு சொல்ற டெஸ்ட் ரெண்டு. முடிய வெட்டி அனுப்பி எடுக்கற பேனல், வெளித்தூசி, ஷாம்பு, சாயம் எல்லாம் அதுல சேரும், சிகிச்சை முடிவு பண்ண அத நம்ப முடியாது. இன்னொண்ணு, முதல்ல கீலேஷன்ங்கற, மெட்டலப் பிடிச்சு யூரின்ல வெளியேத்தற மருந்து குடுத்துட்டு அப்பறம் யூரின் எடுக்கறது, அந்த மருந்து குடுத்தா யாரு உடம்புலருந்தும் மெட்டல் வெளிய வரும், சாதாரண ஆளுக்கே "ஹை"ன்னு வந்து நிக்கும். அந்த ரிப்போர்ட்டக் காட்டி சிட்டிங் சிட்டிங்கா காசு வாங்கறாங்க, மாட்டிக்காதீங்க.

கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு), கிரியாட்டினின் (கிட்னிக்கான டெஸ்ட்) எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 5: நம்பரப் புரிஞ்சுக்கோங்க

ஈயம் மட்டும் சொல்றேன், எல்லாம் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி குழந்தைங்களுக்கு 3.5-னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அத தாண்டினா வீட்டுல எங்கயோ வழி இருக்கு தேடுங்கன்னு அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 5-லருந்து மூலத்தத் தேடி நிறுத்தச் சொல்லுது. 45-ஐத் தொட்டா குழந்தைக்கு கீலேஷன் மருந்து பேசற எடம். 70-னா ஓடி ஆடிக்கிட்டு இருந்தாலும் அட்மிட். பெரியவங்களுக்கு அறிகுறி, வயசு, கர்ப்பம் எல்லாம் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவார், பொதுவா இன்னும் உயர்ந்த அளவுலதான் மருந்து.

ரிப்போர்ட்ல யூனிட்ட மறக்காம பாருங்க, சில லேப் லிட்டருக்குன்னு போடுவாங்க, 60-னு பாத்து அலறிட்டு அப்பறம் அது 6-தான்னு தெரியும்.

ஸ்டெப் 6: வெளியேத்தறது

பெரும்பாலானவங்களுக்கு வைத்தியம்னா மூலத்த நிறுத்தறது, சாப்பாட்ட சரி பண்றது, திரும்ப டெஸ்ட் எடுக்கறது, இவ்ளோதான். உடம்பே யூரின்லயும் மலத்துலயும் வெளிய அனுப்பும்.

சாப்பாடு நிஜமாவே உதவி பண்ணும். இரும்பும் கால்சியமும் கம்மியா இருக்கற உடம்பு ஈயத்த அதிகமா இழுத்துக்கும், காலி வயித்துலயும் அப்படித்தான். அதனால குழந்தைய பட்டினி போடாம நேரத்துக்கு சாப்பாடு, கேழ்வரகு, பால், தயிர், முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், முள்ளோட நெத்திலி, கூட நெல்லிக்காயோ கொய்யாவோ. ஃபெரிட்டின் கம்மின்னா டாக்டர் சொல்ற அளவுக்கு இரும்பு டானிக். வீட்டக் காய்ஞ்ச வெளக்குமாத்துல பெருக்கறத விட ஈரத் துணியில தொடைங்க, ஜன்னல் அடிக்கட்டையையும் சேர்த்து. குழந்தை கைய சாப்பிடறதுக்கு முன்னாடியும் தூங்கறதுக்கு முன்னாடியும் சோப்பு போட்டுக் கழுவுங்க, வாயில வைக்கற பொம்மையும் கழுவுங்க.

கீலேஷன்ங்கறது நிஜமான மருந்து, மெட்டலப் பிடிச்சு யூரின்ல இழுத்துட்டுப் போகும். சக்சிமர், கால்சியம் ஈடிடிஏ, டி-பெனிசிலமைன், டைமெர்காப்ரால்னு சிலது இருக்கு, எந்த மெட்டலுக்கு எதுன்னு கணக்கு உண்டு, கிட்னி, லிவர், ரத்த அணு எல்லாம் பாத்துக்கிட்டே ஆஸ்பத்திரியில குடுக்கணும். ஜிங்க், காப்பர் மாதிரி உடம்புக்கு வேண்டியதையும் இழுத்துட்டுப் போகும். கால்சியம் ஈடிடிஏவுக்குப் பதிலா டைசோடியம் ஈடிடிஏ குடுத்து ரத்தத்துல கால்சியம் திடீர்னு இறங்கி, அமெரிக்காவுல 2005-ல ஒரு அஞ்சு வயசுப் பையன் செத்தே போயிட்டான், ஆட்டிசம் சரியாகும்னு சொல்லிக் குடுத்தது. ஆட்டிசத்துக்குக் கீலேஷன் வைத்தியம் கிடையாது, யார் சொன்னாலும் குழந்தைய அதுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, இத எவ்ளோ அழுத்திச் சொன்னாலும் போதாது.

இன்னொரு விஷயமும் தெரியணும். அமெரிக்காவுல 780 குழந்தைங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 20-லருந்து 44 வரைக்கும் ஈயம் இருந்தவங்க, சக்சிமர் குடுத்ததும் ரத்தத்துல நம்பர் இறங்கிச்சு, ஆனா அறிவு டெஸ்ட்ல மருந்து சாப்ட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. 2001-ல வெளிவந்துச்சு. அதனாலதான் நடுத்தர அளவுக்கெல்லாம் டாக்டருங்க மருந்து எழுதறதில்ல, "நம்பர் இருக்கே, மருந்து குடுக்க மாட்டேங்கறாங்களே"ன்னு கோவிச்சுக்காதீங்க. அதே வீட்டுல ஈயம் போய்க்கிட்டே இருக்கும்போது மருந்து மட்டும் குடுத்தா நிறுத்தின கொஞ்ச நாள்ல நம்பர் திரும்பவும் ஏறிடும்.

கடையில விக்கற மத்ததெல்லாம்? கொத்தமல்லி சாறு குழந்தைங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வுல சும்மா குடுத்த டம்மி மருந்த விட எதுவும் கூடுதலா பண்ணல, சட்னியா அரைச்சு சந்தோஷமா சாப்பிடுங்க. கால ஊற வச்சா தண்ணி பழுப்பாகற மெஷின்ல அந்தக் கலர் மெஷின் தகடு துருப்பிடிச்சு வர்றது. குடிக்கற களிமண் சிலதுலயே ஈயம் இருந்து எஃப்டிஏ எச்சரிக்கை விட்டிருக்காங்க. பேதி மருந்து குடுத்தா எலும்புல இருக்கற ஈயம் வராது, குழந்தைக்கு நீர்ச்சத்துதான் போகும்.

பால் குடுக்கற அம்மாவா இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, பெரும்பாலான அளவுகள்ல தாய்ப்பால் தொடரலாம், உங்க நம்பரக் காட்டிக் கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 7: திரும்பப் பாருங்க

கொஞ்சமா ஏறியிருந்தா ஒண்ணுலருந்து மூணு மாசத்துக்குள்ள, அதிகமா இருந்தா இன்னும் சீக்கிரம், டாக்டர் சொல்ற தேதிக்கு. அதே லேப்ல எடுத்தா ஒப்பிட சுலபம். நம்பர் இறங்கலன்னா மருந்து சரியில்லன்னு நினைக்கறதுக்கு முன்னாடி ஸ்டெப் 3 பேப்பர எடுத்து விட்டுப் போன எடம் எதுன்னு பாருங்க, ஸ்கூல், பால்வாடி, தாத்தா வீடு, பக்கத்துல இருக்கற பட்டறை இதெல்லாமும் லிஸ்ட்ல வரணும். ஒரு குழந்தைக்கு அதிகம்னா அண்ணன் தம்பி தங்கச்சி எல்லாருக்கும், அதே வீட்டுல கர்ப்பமா யாராவது இருந்தா அவங்களுக்கும் டெஸ்ட் எடுங்க.

டாக்டர்கிட்ட போகும்போது ரிப்போர்ட், அந்த லிஸ்ட், சாப்பிடற மருந்து டப்பா, போடற க்ரீம் டப்பா எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பேர் சொல்றத விட டப்பாவக் காட்டறது மேல். அவசரத்துக்கு டெல்லி எய்ம்ஸ்ல இருக்கற தேசிய விஷத் தகவல் மையம் 1800 116 117, தமிழ்நாட்டுல பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, ரெண்டும் ஃப்ரீ.